லிபி ஹைமன் அம்மையார் (1888–1969)

ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வசதி குறைந்த யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் லிபி ஹைமன். வீட்டு வேலைகளுக்கிடையே, ஒரு தாவரவியல் நூலின் துணையோடு காட்டுப் பூக்களைத் தாமாகவே இனங்காணக் கற்றார். 1905இல் வகுப்பில் முதலாவதாகத் தேறியும் மேற்படிப்புக்கு வழியில்லை. ஆலையொன்றில் தானியப் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டப் போனார்.

1906இல் ஒரு மாலை, வேலை முடிந்து வந்தவரை வழியிற் கண்ட பழைய ஆசிரியை மேரி குறோபோர்ட் திகைத்துப்போனார். அவரது முயற்சியால் சிக்காகோப் பல்கலைக்கழகத்துக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. 1915இல் விலங்கியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற லிபி, அங்கேயே 1931 வரை ஆய்வு உதவியாளராக இருந்தார்.

மாணவருக்காக 1919இலும் 1922இலும் அவர் எழுதிய ஆய்வுகூடக் கைந்நூல்கள் நன்றாக விலைபோயின. அந்த வருமானமே பின்னர் அவருக்குச் சோறுபோட்டது. நியூயோர்க் சென்று, 1937 முதல் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையில் சம்பளமின்றிப் பணியாற்றினார். பன்மொழி ஆய்வுகளைத் தாமே படித்து, உதவியாளர் எவருமின்றி, முள்ளந்தண்டிலிகள் பற்றிய பெருநூலை எழுதினார். கடற்பஞ்சு, புழு, நட்சத்திரமீன், நத்தை என விரிந்த அதன் ஆறு தொகுதிகள் 1940 முதல் 1967 வரை வெளிவந்தன. இறுதித் தொகுதியை பார்க்கின்சன் நோயோடு போராடியே முடித்தார்.

1960இல் லண்டன் லின்னேயன் சங்கம் தங்கப்பதக்கம் வழங்கியது. 1969 ஓகஸ்ட் 3இல் அவர் காலமானார்.

பாடசாலையை விட்டுச் சென்ற மாணவியையும் மறவாத ஓர் ஆசிரியையால் விலங்கியல் உலகு பெற்ற செல்வம் இது. பழைய மாணவிகளாகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்க வாழ்வு.