செகண்ட் ஹேண்ட் சங்கிலியால் தென்னிந்தியாவை அளந்த லாம்டன்: படவேடு மலைக்கும் படகு ஜிபிஎஸ்ஸுக்கும் என்ன தொடர்பு?

படகுக்கு ஜிபிஎஸ்ஸும் மீன் இருக்குமிடம் காட்டும் எக்கோ சவுண்டரும் வாங்கப் போகும் மீனவர் முதலில் கேட்பது விலையைத்தான். குறைந்த விலை மாடல் போதுமா? செகண்ட் ஹேண்ட் வாங்கினால் நம்பலாமா? கடன் வாங்கியாவது பெரிய கம்பெனி கருவியா?

220 ஆண்டுகளுக்கு முன்பு, இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கண்டறிய வேண்டிய கட்டாயத்தில் இருந்த ஒருவர் முன்னாலும் இதே சிக்கல் வந்து நின்றது. கையில் பெரிய பணம் இல்லை, லண்டனில் ஆர்டர் கொடுத்த கருவி வந்து சேரவும் இல்லை. அவர் செகண்ட் ஹேண்ட் கருவிகளோடு வேலையைத் தொடங்கினார். இந்தியாவின் நில அளவைக்கு அடித்தளம் போட்ட வில்லியம் லாம்டன்தான் அவர். அவர் அளந்த முக்கியமான புள்ளிகளில் ஒன்று, ஆரணிப் பட்டு நெசவுக்குப் பேர்போன வட்டாரத்தில், படவேட்டை ஒட்டிய மலைப்பகுதியில் இருக்கிறது.

யார் இந்த லாம்டன்?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த ஆண்டை 1753 என்றும் 1756 என்றும் இருவிதமாகக் குறிப்பிடுகிறார்கள். கணக்கில் கெட்டிக்காரர் என்பதால் படிப்புக்கு உதவி கிடைத்தது. ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். போர் முடிந்த பிறகு, இப்போது கனடாவில் இருக்கும் நியூ பிரன்ஸ்விக்கில் பத்து ஆண்டுக்கும் மேலாக அதிகம் பேர் அறியாத ஒரு பதவியில் இருந்தார். அங்கே பொழுதெல்லாம் கணிதமும் வானியலும் படித்ததாகச் சொல்வார்கள்.

1790களின் பிற்பகுதியில் தன் படைப்பிரிவோடு இந்தியா வந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லிதான் அந்தப் படைப்பிரிவின் தலைவர்.

1799ல் திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டினப் போரின்போது, ஜெனரல் பேர்டு தலைமையில் ஒரு படை இரவில் நடந்துகொண்டிருந்தது. தெற்கே போக வேண்டிய படை வடக்கே, எதிரி முகாமை நோக்கிப் போகிறது என்று லாம்டன் சொன்னார். வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. ஜெனரல் முதலில் நம்பவில்லை. காந்த ஊசியைப் பார்த்த பிறகுதான் படை திரும்பியது. திசை ஒன்று தப்பினால் உயிரே போகும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

இவ்வளவு செலவு எதுக்கு என்று கேட்டவர்கள் யார்?

மைசூர் வீழ்ந்ததும், கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை முக்கோண முறையில் நாட்டை அளக்கலாம் என்று லாம்டன் திட்டம் கொடுத்தார். சென்னை மாகாண அரசில் பணக்கணக்கு பார்த்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டினம் போக வேண்டுமா, பல்லக்குத் தூக்குபவரிடம் சொன்னால் கொண்டுபோய் விட்டுவிடுவாரே, அதற்கு எதற்கு வானியலும் கணிதமும் என்ற பாணியில் எதிர்ப்பு வந்தது. வெல்லெஸ்லியும் ஆளுநர் எட்வர்டு கிளைவும் ஆதரித்ததால்தான் திட்டம் பிழைத்தது.

அடுத்த தலைவலி கருவி. இங்கேதான் கதையில் சீனா வருகிறது. 1793ல் சீனப் பேரரசரைப் பார்க்கப் போன மெக்கார்ட்னி தூதுக்குழு, பரிசாகக் கொடுக்க அறிவியல் கருவிகளைக் கொண்டுபோயிருந்தது. அவற்றில் 100 அடி எஃகுச் சங்கிலியும், நட்சத்திரத்தைப் பார்த்து அட்சரேகை கணிக்கும் ஒரு கருவியும் உண்டு. சீன அரசவை அவற்றைச் சீண்டவில்லை. குழுவில் இருந்த டாக்டர் டின்விடி என்ற அறிவியலாளரிடம் அவை தங்கிப்போயின. அவர் கொல்கத்தாவுக்கு வந்து அவற்றை விற்றார். அந்தச் சரக்கைத்தான் சென்னை அரசு லாம்டனுக்கு வாங்கிக் கொடுத்தது.

பெரிய தியோடலைட், அதாவது கோணம் அளக்கும் கருவி, லண்டனில் வில்லியம் கேரியிடம் செய்யச் சொல்லப்பட்டது. அரை டன் எடை. வரும் வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீசியஸ் கொண்டுபோனார்கள். உள்ளே இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள்.

பரங்கிமலையில் என்ன செய்தார்?

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அருகே சமவெளியில் அடிக்கோடு அளக்கும் வேலை தொடங்கியது. நீளம் சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். அதற்கு 57 நாள் ஆனது.

ஏன் அவ்வளவு நாள்? சித்திரை வெயிலில் எஃகுச் சங்கிலி நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் வைத்து, வெப்பமானியில் சூடு பார்த்து, நீட்சிக்குக் கணக்கு போட்டுக் கழித்தார்கள். இப்படி ஏறக்குறைய 400 முறை சங்கிலியை வைத்து எடுத்தார்கள். பழைய சங்கிலி தேய்ந்தோ நீண்டோ போயிருக்கிறதா என்று பார்க்க, இன்னொரு சங்கிலியோடு ஒப்பிட்டார்கள். கருவி பழசு என்று லாம்டன் ஒதுக்கவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை.

படவேடு மலைக்கு என்ன பங்கு?

ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். பரங்கிமலைக் கோட்டை வைத்து முதல் முக்கோணம், அதை வைத்து அடுத்தது என்று உயரமான இடங்களைத் தேடி மேற்கே நகர்ந்தார் லாம்டன்.

மதுராந்தகம் பக்கத்தில் உள்ள கருங்குழி ஒரு முனை. போளூர், படவேடு வட்டாரத்தில், ஆங்கிலேய ஆவணங்கள் கர்நாட்டிகர் என்று எழுதிய கோட்டை மலை இன்னொரு முனை. இரண்டுக்கும் இடையே சுமார் 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரியும் தூரம் அது. இரண்டு இடத்திலும் துருவ நட்சத்திரத்தை வைத்துத் திசை கணித்து, கிழக்கு மேற்காக ஒரு பாகைக்குத் தரையில் எவ்வளவு நீளம் என்று கண்டுபிடிக்க இந்தக் கோடு பயன்பட்டது. பூமி எந்த அளவுக்கு உருண்டை, துருவத்தில் எவ்வளவு தட்டை என்ற கேள்விக்கு ஜவ்வாது மலையடிவாரமும் ஒரு பதில் சொன்னது.

பிறகு வந்தது உண்மையான பரீட்சை. 1804ல் பெங்களூரு அருகே இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலி வைத்தே அளந்தார்கள். சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கு போட்டு வந்த நீளத்துக்கும் தரையில் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. அந்த அளவை மங்களூரு வரை போனபோது இன்னொன்றும் வெளிவந்தது. சென்னைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் இடையே சுமார் 400 மைல் என்று காட்டிய பழைய வரைபடங்கள் தப்பு. உண்மையான தூரம் சுமார் 360 மைல்தான்.

தஞ்சாவூரில் கருவி உடைந்தது எப்படி?

காவிரிச் சமவெளியில் மலை கிடையாது, தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். அதனால் கோயில் கோபுரங்களின் மேல் தியோடலைட்டை ஏற்றினார்கள். 1808ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி, அதன் வட்டத் தகடு வளைந்தது. வேறு யாராக இருந்தாலும் வேலையை நிறுத்தியிருப்பார்கள். லாம்டன் ஆறு வாரம் அதோடு உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தி, பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். சென்னையில் 1794ல் தொடங்கிய சர்வே பள்ளியில் பயின்ற இளைஞர்கள்தான் அவருக்குக் கை கொடுத்தவர்கள். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு மூலம் அந்தப் பள்ளி.

கன்னியாகுமரி வரை போய், பிறகு வடக்கே திரும்பினார். 1,65,000 சதுர மைலுக்கு மேல் அவர் காலத்தில் அளந்து முடிந்தது. 1817ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். ஓய்வெடுக்க ஊருக்குத் திரும்பவில்லை. 1823 ஜனவரி 20 அன்று, நாக்பூர் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். அவரது உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர் உலகின் உயரமான சிகரத்துக்குக் கிடைத்தது. லாம்டனுக்குக் கிடைத்தது மகாராஷ்டிராவில் ஒரு கல்லறையும் பரங்கிமலையில் ஒரு மார்பளவுச் சிலையும்தான்.

இன்றைய படகுக்கு என்ன பாடம்?

கரையில் தெரியும் கோபுரத்தையும் மலை முகட்டையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துக் கடலில் பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது மீனவர்களின் பழைய வித்தை. லாம்டனின் வழியும் கிட்டத்தட்ட அதுதான். கரை மறைந்த பிறகு அந்த வேலையை ஜிபிஎஸ் செய்கிறது. அது கோணத்துக்குப் பதில் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் தூரத்தை வைத்துக் கணக்கு போடுகிறது.

விலை குறைந்த கருவி என்பதாலேயே அது மோசம் ஆகிவிடாது. சோதிக்காமல் கடலுக்கு எடுத்துப் போவதுதான் ஆபத்து. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்தியா, இலங்கை கடல் எல்லைப் பக்கம் போகும் படகுக்கு, சின்னத் தப்பும் கைதில் முடியலாம். வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:

டேட்டம்: செட்டிங்கில் டபிள்யூஜிஎஸ் 84 இருக்க வேண்டும். லாம்டன், எவரெஸ்ட் அளவைகளிலிருந்து பிறந்த எவரெஸ்ட் 1830 கணக்கில் இருந்தால், புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் விலகலாம்.

எழுதும் முறை: 10.50 நிமிடம் என்பது 10 நிமிடம் 30 விநாடி. அதை 10 நிமிடம் 50 விநாடி என்று படித்தால், அட்சரேகையில் 600 மீட்டருக்கு மேல் தப்பும்.

எக்கோ சவுண்டர்: ஆழம் குறைந்த கரையோரத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் தெளிவாகக் காட்டும். ஆழ்கடலுக்கு 50 கிலோஹெர்ட்ஸ் தேவை. பெரிய கலர் திரைக்குக் கொடுக்கும் காசை விட, படகின் அடியில் பொருத்தும் சென்சாருக்குக் கொடுக்கும் காசு உதவும்.

சோதனை: துறைமுகத்தில் ஆழம் தெரிந்த இடத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிக் கருவியோடு ஒப்பிடலாம். கலங்கரை விளக்கம் போல இடம் தெரிந்த ஒரு புள்ளியில் நின்று ஜிபிஎஸ்ஸைச் சரிபார்க்கலாம். செகண்ட் ஹேண்ட் கருவி என்றால் இந்த இரண்டையும் முடித்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.

சீன அரசவை வேண்டாம் என்று தள்ளிய சங்கிலியை வைத்து நான்கு அங்குலத்துக்குள் கணக்கை நிறுத்த முடிந்தது. அதற்கு லாம்டன் கொடுத்த விலை, பரங்கிமலை வெயிலில் 57 நாள். கரையில் அரை நாள் செலவழித்துச் சரிபார்ப்பது, அதோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைந்த செலவு.