மண்ணைப் படித்த பெரியார் றொபேட் புறூஸ் பூட்

பழமையைப் போற்றுதல் நம்மவர்க்கு இயல்பு. அதனை ஆராய்ந்தறிதலோ அரிது. தென்னாட்டின் தொன்மையை ஆராய்ந்து காட்டியவர்களுள் முதல்வர் மேனாட்டிலே பிறந்தவர் என்பது நாம் சிந்திக்கத்தக்கது. அவரே றொபேட் புறூஸ் பூட் என்னும் பெரியார்.

1834ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பிறந்த அன்னார், 1858இல் இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்திற் சேர்ந்து சென்னைக்கு வந்தார். பாறைகளை ஆராய்வதே அவர்தம் உத்தியோகம். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், பல்லாவரத்திலே சரளை வெட்டிய குழியொன்றில், மனிதன் செதுக்கிய கற்கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவிலும் பழைய கற்கால மாந்தர் வாழ்ந்தனர் என்பது அன்று புலனாயிற்று.

பின்னர்ப் பெல்லாரிப் பகுதியிலே புதிய கற்கால மக்கள் தீட்டி வழவழப்பாக்கிய கோடரிகளை அவர் பெருந்தொகையாகக் கண்டார். அங்கே பெரிய சாம்பல் மேடுகளும் இருந்தன. பீமசேனன் கொன்ற அரக்கனை எரித்த சாம்பலென்று ஊரார் கூறினர். பூட் அவர்களோ அதனைச் சோதித்து, அது மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்றார். எல்லோரும் அதனை உடனே ஏற்றாரல்லர். அவர் 1912இல் மறைந்து நெடுங்காலஞ் சென்றபின், 1957இல் ஊட்னூரில் நிகழ்ந்த அகழ்வாய்விலே பழந்தொழுவமும் மாட்டுக் குளம்படித் தடங்களும் வெளிப்பட்டு, அவர் சொல் மெய்யாயிற்று.

ஆராய்ச்சி நம் பழங்கதைகளை அழித்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். பசுவின் சாணத்தை நீறாக்கி நெற்றியில் அணியும் நாம் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. ஏறக்குறைய 5000 ஆண்டுகளுக்கு முன்னரே ஆநிரையைச் செல்வமாகக் கொண்டு மக்கள் வாழ்ந்தனர் என்னும் உண்மை, அரக்கன் கதையினும் நமக்குப் பெருமை தருவதன்றோ?

முப்பத்து மூன்றாண்டு சேவையின்பின் 1891இல் இளைப்பாறிய அவர், தேடுதலை விட்டாரல்லர். நாற்பதாண்டுகளாகத் திரட்டிய அரும்பொருள்களை 1904இல் சென்னை அரும்பொருட்சாலை பெற்றுக்கொண்டது. ஒவ்வொன்றும் எவ்விடத்திற் கிடைத்ததென அவர் குறித்து வைத்தமையாலேயே அவை இன்றும் பயன்படுகின்றன.

நமது மாவட்டத்தின் வடபாலுள்ள பொன்பரிப்பிலும் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை நிகர்த்த ஈமத்தாழிகள் கிடைத்துள்ளன. அவை மேற்கூறிய கற்காலங்களுக்குப் பிற்பட்ட இரும்புக் காலத்தன. எனினும் நம் கரையின் தொன்மைக்குச் சான்றாவன. நாமோ காலில் இடறும் ஓட்டுத் துண்டை எறிந்துவிட்டு நடக்கிறோம். கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் தோண்டும்போதும் உடைந்தழிபவை மீண்டும் வாரா. இளைஞர்காள்! இனி அத்தகையதொன்றைக் காணின், இடத்தைக் குறித்துக்கொண்டு, தொட்டுக் குலைக்காமல், தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிப்போமாக. அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.