எலெக்ட்ரான் கணக்கிலிருந்து மக்களவை வரை: மேகநாத் சாஹாவின் வாழ்க்கை

புதுதில்லி: முதல் மக்களவையில் எந்தக் கட்சியின் கொறடாவுக்கும் கட்டுப்படாமல் அமர்ந்திருந்த உறுப்பினர்களுள், உலக விஞ்ஞானிகள் அனைவரும் அறிந்த ஒருவரும் இருந்தார். 1952-ம் ஆண்டு பொதுத் தேர்தலில் கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் இடதுசாரிகளின் ஆதரவுடன் சுயேச்சையாக வென்ற மேகநாத் சாஹாதான் அவர். நதிநீர்த் திட்டங்கள், அகதிகள் மறுவாழ்வு, அணுசக்தி எனப் பல துறைகளில் அரசைக் கேள்விகளால் துளைத்த சாஹா, அவைக்கு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, விண்மீன்களின் வெப்பநிலையை அறியும் கணக்கை உலகுக்கு அளித்தவர்.

தற்போது வங்கதேசத்தில் உள்ள டாக்கா மாவட்டத்தின் சியோரத்தலி கிராமத்தில் 1893-ம் ஆண்டு அக்டோபர் 6-ம் தேதி பிறந்தார். தந்தை ஜகந்நாத் சாஹா சிறு மளிகைக் கடைக்காரர். எட்டுப் பிள்ளைகளில் மேகநாத் ஐந்தாமவர். கிராமப் பள்ளிக்கு மேல் படிக்க வைக்கக் குடும்பத்துக்கு வசதியில்லை. சுமார் 10 கி.மீ. தொலைவில் இருந்த சிமுலியாவில் ஒரு மருத்துவர் தம் வீட்டில் இடமும் உணவும் அளித்தார். தன் தட்டைத் தானே கழுவ வேண்டும், வீட்டுப் பசுவைப் பராமரிக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். சாதி எத்தகையது என்பதை அந்தச் சிறுவன் முதலில் அறிந்தது அந்தத் தட்டில்தான்.

உதவித்தொகை பெற்று 1905-ல் டாக்கா அரசுப் பள்ளியில் சேர்ந்தார். வங்கப் பிரிவினை எதிர்ப்பு கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. ஆளுநர் ஃபுல்லரின் வருகையைப் புறக்கணித்த மாணவர்களோடு சேர்ந்ததால் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார், உதவித்தொகையும் போயிற்று. வேறொரு தனியார் பள்ளி கைகொடுத்தது. 1911-ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள், சத்யேந்திர நாத் போஸ் வகுப்புத் தோழர். கல்லூரியில் இத்தகைய பெருமை இருந்தும், இந்து மாணவர் விடுதியில் அவருடன் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண உயர்சாதி மாணவர்கள் சிலர் மறுத்தனர். 1915-ல் கணிதத்தில் முதுகலைத் தேர்வில் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம்.

நிதித்துறை அரசுப் பணித் தேர்வை எழுத அவர் விரும்பினார். புரட்சியாளர்களோடு தொடர்புள்ளவர் என்று கருதிய ஆங்கில அரசு அனுமதி மறுத்தது. அதிகாரியாகியிருந்தால் கோப்புகளில் மறைந்திருக்கக்கூடிய அந்த அறிவு, அரசின் சந்தேகத்தால் அறிவியலுக்குக் கிடைத்தது. அசுதோஷ் முகர்ஜி தொடங்கிய பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் 1916-ல் விரிவுரையாளரானார். கணிதம் மட்டுமே முறையாகப் பயின்றவர், இயற்பியலைக் கற்றுக்கொண்டே கற்பித்தார்.

அவருடைய தொடக்க கால ஆய்வுகள் மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைப் பற்றியவை. இதன் அடிப்படை விதியைப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் 1785-ல் நிறுவினார். இரண்டு புள்ளி மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை, அவற்றின் அளவுகளின் பெருக்கற்பலனுக்கு நேர் விகிதத்திலும், தொலைவின் இருபடிக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். தொலைவு இரண்டு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. பல மின்னூட்டங்கள் இருந்தால் ஒவ்வொன்றின் விசையையும் தனித்தனியே கணக்கிட்டு, திசையையும் கருத்தில் கொண்டு கூட்ட வேண்டும். ஓர் இடத்தில் வைக்கப்படும் ஓரலகு மின்னூட்டத்தின் மீது செயல்படும் விசையே அவ்விடத்தின் மின்புலம். ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரான் இருக்கும் தொலைவில் இந்த மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 51,400 கோடி வோல்ட். உலர்ந்த காற்றில் மின்பொறி பறக்க 30 லட்சம் வோல்ட்டே போதும்.

அசையாமல் நிற்கும் மின்னூட்டங்களுக்கே இவ்விதி அப்படியே பொருந்தும். மின்னூட்டம் நகர்ந்தால், அதன் தாக்கம் மற்றொன்றை அடைய ஒளியின் வேகத்தில் நேரம் பிடிக்கும். ஆகவே இப்போது உணரப்படும் விசை, அது சற்று முன்பு இருந்த இடத்தைப் பொறுத்தது. இந்த விசையை, காலத்தையும் நான்காவது பரிமாணமாகக் கொள்ளும் மின்கோவ்ஸ்கியின் முறையிலிருந்து சாஹா வருவித்து, 1919-ல் இங்கிலாந்தின் பிலசாபிக்கல் மேகசின் இதழில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, ஜெர்மன் அறிந்த சாஹாவும் போஸும் ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். கல்கத்தா பல்கலைக்கழகம் அதை நூலாக்கியது.

இடையில் அவர் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையை அமெரிக்க இதழ் ஒன்றில் வெளியிட, அச்சுச் செலவில் ஒரு பகுதியை அவரே ஏற்க வேண்டியிருந்தது. கையில் பணமில்லை. கட்டுரை கல்கத்தா பல்கலைக்கழக இதழில் வெளியாகி, வெளிநாட்டார் கண்ணில் படாமலே போயிற்று.

அவரை உலகறியச் செய்தது 1920-ல் வெளியான சூரிய வளிமண்டலக் கட்டுரை. அணுக்கரு எலெக்ட்ரானை எவ்வளவு வலுவாக ஈர்க்கிறதோ, அதைப் பிரிக்க அவ்வளவு ஆற்றல் தேவை. ஹைட்ரஜனுக்கு 13.6 எலெக்ட்ரான் வோல்ட், கால்சியத்துக்கு 6.1. வெப்பம் மிகும்போது எலெக்ட்ரான்கள் பிரிகின்றன என்பது எளிதில் விளங்கும். ஆனால் அழுத்தமும் முக்கியம் என்பதை சாஹா கணக்கில் கொண்டுவந்தார். அழுத்தம் குறைந்த இடத்தில், பிரிந்த எலெக்ட்ரானுக்கு மீண்டும் சேர இணை அகப்படுவதில்லை. சூரியனின் உயர் அடுக்குகளில் எலெக்ட்ரான் இழந்த கால்சியத்தின் நிறமாலைக் கோடுகள் மேலோங்கி நிற்பது ஏன் என்ற புதிர் இதனால் அவிழ்ந்தது. 1925-ல் சிசிலியா பெய்ன் விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று கண்டறிந்ததும் இந்தச் சமன்பாட்டின் துணையால்தான். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் சாஹாவுக்கு அது கிட்டவில்லை. 1927-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

அலகாபாதில் பேராசிரியராக இருந்தபோது, 1936-ல், மின்னூட்டக் கணக்குக்கே திரும்பினார். ஒரு மின்னூட்டமும் தனித்த காந்த முனை ஒன்றும் அருகருகே இருந்தால், அவற்றின் புலங்களில் சுழற்சி உந்தம் தேங்கியிருக்கும். அதன் அளவு இடைத்தொலைவைப் பொறுத்ததன்று. குவான்டம் விதியை அதற்குப் பொருத்தி, டிராக் 1931-ல் கடினமான வழியில் கண்ட முடிவை சில வரிகளில் பெற்றார். 1949-ல் அமெரிக்க இதழில் வேறொருவர் இதே வழியைப் புதிதெனக் கூறியபோது, தம் பழைய கட்டுரையைச் சுட்டிக்காட்டினார். தனித்த காந்த முனையை இதுவரை எவரும் கண்டதில்லை.

1938-ல் கல்கத்தாவுக்குத் திரும்பிய ஆண்டிலேயே, காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் அமைத்த தேசியத் திட்டக் குழுவில் இடம்பெற்றார். குழுவின் தலைவர் நேரு. பின்னாளில் இருவருக்கும் இடைவெளி விழுந்தது. அணுசக்தி ஆணையம் 1948-ல் அமைந்தபோது, முதலில் பல்கலைக்கழகங்களில் ஆட்களைப் பயிற்றுவித்து, தொழில் அடித்தளத்தை வலுவாக்க வேண்டும் என்பது சாஹாவின் நிலை. அரசு அவ்வழியை ஏற்கவில்லை. பாபாவின் தலைமையில் பணிகள் தொடங்கின. கல்கத்தாவில் சாஹா உருவாக்கிய அணு இயற்பியல் நிறுவனத்தை 1950 ஜனவரியில் ஐரீன் ஜோலியோ கியூரி திறந்து வைத்தார்.

1954 மே 10-ம் தேதி மக்களவையில் அணுசக்தியின் ஆக்கப் பயன்பாடு குறித்து விவாதம் நடைபெற்றபோது, அத்துறையைச் சூழ்ந்திருந்த ரகசியத்தை அவர் கடுமையாகச் சாடினார். துறையை அறிந்தே கேள்வி கேட்கும் உறுப்பினரை எதிர்கொள்வது ஆளும் தரப்புக்கு எளிதாக இருந்திருக்காது. ஆயினும் கொள்கை மாறவில்லை.

1956 பிப்ரவரி 16-ம் தேதி, தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்த திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் சரிந்து உயிரிழந்தார். வயது 62. அவர் தலைமை வகித்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி, 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு தேசிய நாள்காட்டியாயிற்று. அந்த நாள் சக ஆண்டு 1879, சைத்ர மாதம் முதல் தேதி. அரசிதழின் முகப்பில் அந்தத் தேதி இடம்பெறுகிறது. வீட்டுச் சுவர்களில் பஞ்சாங்கங்கள் பழையபடியே தொங்குகின்றன.