களைப்பின் கணக்கைத் திறந்த மேதை: டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்

உழைப்பவருக்குக் களைப்பு வருவது இயல்பு. நன்றாக உறங்கி எழுந்தால் அது நீங்கிவிட வேண்டும். ஆனால், எவ்வளவு உறங்கினாலும் தீராத களைப்பும் உடல் முழுவதும் வலியும் மாதக்கணக்கில் வாட்டினால் என்ன செய்வது? நம் ஜொகூர் மாநிலத்தில் பொழுது புலரும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோரும், பாசீர் கூடாங் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்ப்போரும் ஏராளம். அவர்களுள் ஒருவர் உடம்புக்கு முடியவில்லை என்று அடிக்கடி எம்.சி. எடுத்தால், 'சோம்பேறி' என்னும் பட்டம் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. அன்று ரப்பர் தோட்டங்களில் மலேரியாவாலும் கொக்கிப்புழுவாலும் இரத்தம் குன்றி வாடிய நம் முன்னோரும் இப்பட்டத்தைச் சுமந்தவர்களே.

களைப்பு மனத்தின் குறையா, உடலின் குறையா? இதற்கு விடை காண வேண்டுமானால், தசைக்கு வலிமை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அந்த வழியைத் திறந்தவர்களுள் ஒருவரே டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பத்தில் வறுமை சூழ்ந்திருந்தது. மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோற்றார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் பயின்று, மூன்றாம் முறையில்தான் வென்றார். தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்து, பின்தங்கிவிட்டோமோ என்று கலங்கிய நம் மாணவர் பலருக்கு இச்செய்தி ஓர் ஆறுதலாகும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தார். இது அவருடைய ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. பிறகு, சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார்.

இதற்கிடையே அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்னும் நோயால் மாண்டனர். இந்நோய் கண்டவரின் குடல் உணவின் சத்தை ஏற்காது. இரத்தம் குன்றும், உடல் மெலியும், எழுந்து நடக்கவும் வலுவிருக்காது. இந்நோய்க்கு மருந்து காண வேண்டும் என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

கடல் கடந்த உழைப்பு

அறக்கட்டளையின் உதவியோடும் மாமனாரின் துணையோடும் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். செலவுக்குப் பணமில்லாததால், மருத்துவமனை ஒன்றில் இரவு நேரங்களில் நோயாளிகளின் மலசலக் கலங்களைச் சுத்தம் செய்யும் வேலையைச் செய்தார். மருத்துவம் படித்தவர் செய்யும் வேலையா இது என்று அவர் கூச்சப்படவில்லை. ஊரில் மனைவியை விட்டு வந்தவர், மீண்டும் தாயகம் திரும்பவே இல்லை. அவர் புறப்பட்ட பின் பிறந்த ஆண் குழந்தை, தந்தையின் முகம் காணாமலேயே மறைந்தது. அவருடைய சாதனைக்கு அவரோடு சேர்ந்து அவர் குடும்பமும் கொடுத்த விலை இது.

தசையின் வலிமை எது?

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கு என்பவரோடு இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவைக் காணும் முறையை 1925-இல் வகுத்தார். இம்முறை இருவர் பெயராலும் இன்றளவும் வழங்குகிறது. அளவுகோல் கையில் கிடைத்ததும் அவர்கள் தசையை ஆராய்ந்தனர். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அறிவியல் உலகம் அப்போது நம்பியிருந்தது. அக்கருத்தோடு தொடர்புடைய ஆய்வுகளுக்காக 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது.

தசையில் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருள் இருப்பதை 1927-இல் இருவரும் அறிவித்தனர். தசை உழைக்கும்போது இது குறைகிறது. ஓய்வெடுக்கும்போது மீண்டும் நிறைகிறது. 1929-இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தனர். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியே இதனைக் கண்டார். ஏ.டி.பி.யை உடலின் கைச்செலவுப் பணம் எனலாம். உயிரணு ஒவ்வொன்றும் அதைச் செலவழித்தே வேலை செய்கிறது. பாஸ்போகிரியாட்டினோ அவசரத்திற்கு உதவும் சேமிப்பு. உழைப்பும் களைப்பும் அளந்து பார்க்கக்கூடியவை என்பதை உலகம் உணர இக்கண்டுபிடிப்புகள் வழிவகுத்தன.

இத்தனைக்குப் பின்னும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து அதன் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவரானார். 1945-இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது. இரத்தச்சோகையை நீக்கிய அம்மருந்து, ஸ்ப்ரூ நோயாளிகளையும் எழுந்து நடக்க வைத்தது. சகோதரர்களைக் காக்க இயலாதவர், பிறர் வீட்டுச் சகோதரர்களைக் காத்தார். யானைக்கால் நோய்க்கான ஹெட்ராசன் மருந்தும் அவருடைய குழுவின் கொடையே. நம் மலேசியாவிலும் யானைக்கால் நோயை ஒடுக்க இம்மருந்து பயன்பட்டுள்ளது. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வழிகாட்டிய அமினோப்டெரினும் அங்குதான் பிறந்தது. 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தம் 53-ஆம் வயதில் மாரடைப்பால் அவர் காலமானார். நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை.

இன்றைய ஆய்வில் அவர்

நாள்பட்ட சோர்வு நோய்க்கு 1988-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அப்பெயரைச் சூட்டி வரையறை தந்தது. உடலெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமையால்ஜியாவுக்கான அளவுகோல்கள் 1990-இல் வகுக்கப்பட்டன. சோர்வு நோய் உடலைத் தாக்கும் கடுமையான நோயே என்று அமெரிக்க மருத்துவ ஆய்வமைப்பு ஒன்று 2015-இல் அறிவித்தது. சிறு உழைப்புக்குப் பின்னும் உடல்நிலை மோசமாவது இதன் தனி அடையாளமாகும். கோவிட் பெருந்தொற்றுக்குப் பின் இத்தகைய சோர்வு மேலும் பலரைப் பற்றியுள்ளது.

இவ்விரு நோய்களையும் ஆராய்வோர் காந்த அதிர்வு முறையில், தசையை வெட்டாமலேயே, அதிலுள்ள ஏ.டி.பி.யையும் பாஸ்போகிரியாட்டினையும் அளக்கின்றனர். சில ஆய்வுகளில் நோயாளிகளின் தசையில் இவை குறைந்தோ, மெதுவாக மீண்டோ காணப்பட்டன. வேறு சிலவற்றில் வேறுபாடு தெரியவில்லை. நோயை உறுதிசெய்ய எல்லாரும் ஏற்கும் பரிசோதனை இன்னும் உருவாகவில்லை. எனினும், விடை தேடுவோர் சுப்பாராவ் அடையாளம் காட்டிய பொருள்களையே இன்றும் அளந்து பார்க்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

அன்பு மாணவர்களே! பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை என்பதால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. 1927-க்கு முன் பாஸ்போகிரியாட்டினை யாரும் அறிந்திருக்கவில்லை. ஆயினும், அது ஒவ்வொருவர் தசையிலும் இருந்தது. ஆகவே, களைத்து விழும் தோழரையோ பெற்றோரையோ பழிக்காமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அறிவியல் பயிலும் நம்மவருள் ஒருவர், சுப்பாராவ் தொடங்கிய இக்கணக்கை முடித்து வைக்கும் நாளும் வரட்டும்.