செக்கு நமக்குத் தெரியும்... கப்பல் கணக்கு தெரியுமா? கோவை சிறைக்கு வந்த வ.உ.சி-யின் கதை

ஈரோட்டில் வ.உ.சி பூங்கா எங்கே என்று கேட்டால், சின்னப் பிள்ளைகூட வழி சொல்லிவிடும். கொரோனா காலத்தில் நேதாஜி காய்கறி மார்க்கெட்டை அந்த மைதானத்துக்கு மாற்றியபோது, தக்காளி விலை விசாரிப்பவர்கள் வாயிலும் தினமும் அவர் பெயர்தான். கோவைக்குப் போனால் அங்கேயும் ஒரு வ.உ.சி பூங்கா, ஒரு வ.உ.சி மைதானம். தூத்துக்குடி வக்கீல் ஒருத்தருக்கு, கடலே இல்லாத கொங்கு நாட்டில் எதுக்குங்க இத்தனை பெயர்ப்பலகை?

பதில், கோவை மத்திய சிறைக்குள் இருக்கிறது. 1908 ஜூலை 9 முதல் 1910 டிசம்பர் 1 வரை, கிட்டத்தட்ட இரண்டரை வருஷம் அவர் அங்கேதான் கைதி. மாடு கட்டி இழுக்கும் செக்கில் மனுஷனைப் பூட்டி இழுக்க வைத்ததும் அங்கேதான். அந்தச் செக்கு சிறை வளாகத்தில் நினைவுச் சின்னமாக இருக்கிறது. செப்டம்பர் 5 பிறந்தநாளிலும், நவம்பர் 18 நினைவுநாளிலும் வந்து மாலை போடுகிறார்கள்.

1961-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த `கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிவாஜி செக்கிழுத்த காட்சியை டி.வி-யில் பார்த்து அழாத வீடு இருக்காது. அதனால செக்கு நமக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா, ஒரு வக்கீலைச் செக்கில் பூட்டுற அளவுக்கு வெள்ளைக்கார சர்க்காருக்கு அப்படி என்ன ஆத்திரம்? மேடையில் ஆவேசமாகப் பேசியவர்கள் அந்தக் காலத்தில் நிறைய பேர் உண்டு. இவர் பேச்சோடு நிற்கவில்லை. கப்பல் டிக்கெட் விலையில் கைவைத்தார். விஷயமே அதுதான்.

கடல் நம்முடையது, கப்பல் யாருடையது?

ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்தவர் சிதம்பரம். அப்பா உலகநாத பிள்ளை, வக்கீல். அம்மா பரமாயி அம்மாள். மகனும் வக்கீல் பரீட்சை எழுதித் தேறி, சொந்த ஊரில் தொழில் பார்த்துவிட்டு, 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிவந்தார். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடுகிறவர், போலீஸுக்குப் பிடிக்காத வக்கீல் என்று பெயர் எடுத்ததெல்லாம் தெரிந்த கதைதான். நாம நேரா துறைமுகத்துக்குப் போயிடலாம்.

அப்போதைய தூத்துக்குடி, கொழும்புக்கான முக்கிய வாசல். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டதே 1914-ல்தான். அதற்கு முன் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள், கொழும்பில் கடை வைத்தவர்கள், அரிசி மூட்டை, துணி மூட்டை என்று எல்லாம் ரயிலில் தூத்துக்குடி வந்து கப்பலேறும். கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நடுக்கடலில் நிற்கும். சரக்கும் சனமும் தோணியில் போய் ஏற வேண்டும்.

மண் நம்முடையது, சரக்கு நம்முடையது, தோணி தள்ளுகிற ஆளும் நம்மவர். கப்பல் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது. சுருக்கமாக பி.ஐ. கட்டணம் எவ்வளவு, யார் சரக்கை முதலில் ஏற்றுவது, எந்த நாளில் கப்பல் புறப்படும் எல்லாமே அவர்கள் வைத்ததுதான் சட்டம். தூத்துக்குடியில் அவர்களுக்கு ஏஜென்ட் ஏ அண்ட் எஃப் ஹார்வி. அங்கே கோரல் மில்லை நடத்தியதும் அதே ஹார்விதான்! நூல் மில்லும் கப்பல் ஏஜென்சியும் ஒரே கையில் இருந்தால் மற்ற வியாபாரிகள் கதி என்ன ஆகும் என்று நம்ம ஊர் ஜவுளிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இது தூத்துக்குடியின் தலைவிதி மட்டும் இல்லை. சூயஸ் கால்வாயைப் பாருங்கள். வெட்டியது எகிப்து மண்ணில். ஆரம்ப வருஷங்களில் கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட எகிப்தியக் குடியானவர்கள் செத்துச் சுண்ணாம்பானார்கள். 1869-ல் கால்வாய் திறந்தது. ஆறே வருஷத்தில், கடனில் மூழ்கிய எகிப்து மன்னரிடமிருந்து அவருடைய பங்குகளை பிரிட்டன் 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கிப்போட்டது. 1882-ல் படையே வந்து இறங்கிவிட்டது. 1956-ல் நாசர் அதை நாட்டுடைமையாக்கும்வரை, சொந்த வீட்டு வாய்க்காலுக்கு எகிப்து வெளியாள்தான். முதலில் வருவது பங்குப் பத்திரம். பீரங்கி அதற்குப் பின்னால்தான் வருகிறது.

வ.உ.சி-யும் பங்குப் பத்திரத்திலிருந்துதான் ஆரம்பித்தார்.

25 ரூபாய்க்கு ஒரு பங்கு

1906 அக்டோபர் 16. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர், மற்ற ஆசிய நாட்டவருக்கு மட்டும்தான் பங்கு, ஐரோப்பியருக்குக் கிடையாது. சூயஸில் நடந்தது இங்கே நடக்காமலிருக்க, வாசலிலேயே போட்ட பூட்டு இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தாரே, அவரேதான். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளைத் தனியாளாக வாங்கினார். அதாவது 2 லட்சம் ரூபாய்! நம்ம சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்களில் ஒருவர். வ.உ.சி உதவிச் செயலாளர். பதவிப் பெயர் சின்னது, ஓட்டமெல்லாம் அவருடையதுதான்.

முதலில் சொந்தக் கப்பல் இல்லை. ஷா லைன் என்ற கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். பி.ஐ அந்தக் கம்பெனியை நெருக்க, பாதியில் கப்பலைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அடுத்தவன் கப்பலை நம்பினால் இதுதான் கதி என்று புரிந்தது. கொழும்புக்குப் போய் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்து சமாளித்துக்கொண்டே, சொந்தக் கப்பலுக்குப் பணம் திரட்ட பம்பாய்க்குப் புறப்பட்டார். 1907 மே மாதம் எஸ்.எஸ்.காலியா, எஸ்.எஸ்.லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியாவில் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் போகலாம், 4,000 மூட்டை ஏற்றலாம்.

ஓசி டிக்கெட், கூடவே ஒரு குடை

பி.ஐ என்ன செய்தது தெரியுமா? கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. கடைசியில் பி.ஐ, காசே வேண்டாம், வந்து ஏறுங்கள் என்றதோடு, ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாமாகக் கொடுத்தது.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனா, இந்த வித்தை இன்னிக்கும் பழசாகலைங்க. சின்னவன் கடையைச் சாத்தும்வரை நஷ்டத்துக்கு விற்பது, சாத்தியதும் விலையை ஏற்றுவது. பெரிய முதலாளிக்கு உலகமெங்கும் வேறு வழித்தடங்கள் இருக்கும். இங்கே விட்டதை அங்கே பிடிப்பான். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது ஒரே ஒரு கடல்தான். அப்படியும் சனங்கள் சுதேசிக் கப்பலைக் கைவிட்டுவிடவில்லை என்பதுதான் சர்க்காரை உறுத்தியது. துறைமுக அதிகாரிகள், சப் கலெக்டர் ஆஷ் எல்லோரும் பி.ஐ பக்கம் சாய்ந்து நின்றார்கள்.

1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை கேட்டு. பின்னால் நின்றது வ.உ.சி-யும் சுப்பிரமணிய சிவாவும். ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கப்பலிலும் கை, மில்லிலும் கை என்றால் ஹார்விக்கு எப்படித் தூக்கம் வரும்? மார்ச் 12-ல் இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். ராஜத்துரோகத்துக்கு 20 வருஷம், சிவாவுக்குத் துணைபோனதற்கு 20 வருஷம். ஒன்றன்பின் ஒன்றாக 40 வருஷ தீவாந்தர தண்டனை! 36 வயதுகூட நிரம்பாதவருக்கு. செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்தது. அப்புறம் சரியாகவே இல்லை. மேல்முறையீடுகளில் தண்டனை ஆறு வருஷமாகக் குறைந்தது. அப்பீலுக்காக அலைந்ததும் பணம் திரட்டியதும் மனைவி மீனாட்சி அம்மாள்.

கோவை

இந்த இடத்தில்தான் கதை கொங்கு நாட்டுக்கு வருகிறது. கோவை சிறையில் முதலில் கொடுத்த வேலை, சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றுவது. உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அதற்கப்புறம்தான் செக்கு. வெயிலில், மாட்டுக்குப் பதிலாக. அரசியல் கைதிக்குத் தனி மரியாதை என்ற பேச்சே அப்போது கிடையாது. கொலை, கொள்ளைக் கைதிகளோடு ஒருவர்.

வெளியே அவருக்கு ஆதரவாக நின்றவர்களில் கோவை வக்கீல் சி.கே.சுப்பிரமணிய முதலியார் முக்கியமானவர். பின்னாளில் பெரியபுராணத்துக்கு மிகப்பெரிய உரை எழுதியவர். ராஜத்துரோகக் கைதியோடு பழகினால் தொழில் போகும் என்றிருந்த காலத்தில் அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. சிறைக்காலத்தில் வ.உ.சி சும்மா இருக்கவும் இல்லை. ஜேம்ஸ் ஆலனின் ஆங்கிலப் புத்தகத்தை `மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். தன் கதையைச் செய்யுளாகவே எழுதினார்.

1910 டிசம்பரில் கண்ணூர் சிறைக்கு மாற்றம். அவர் அங்கே இருக்கும்போதே, 1911-ல், சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. ஓட்டியவர் உள்ளே, பங்குதாரர்களுக்குப் பயம், கடைசியில் காலியா கப்பல் போட்டிக் கம்பெனியிடமே போய்ச் சேர்ந்தது. இதைக் கேட்ட பாரதிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செக்கைவிட இதுதான் வ.உ.சி-க்குப் பெரிய தண்டனை என்பேன்.

அந்தத் துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ.சி பெயரையே வைத்தார்கள். திருப்பூர் பனியனும் கரூர் வீட்டு ஜவுளியும் கன்டெய்னரில் ஏறி அங்கேதான் போகின்றன. ஆனால், அதில் கணிசமான சரக்கு இன்னமும் கொழும்பு போய், வேறு நாட்டுக் கம்பெனியின் பெரிய கப்பலுக்கு மாறித்தான் ஐரோப்பா போகிறது. கொழும்பிலேயே ஒரு முனையத்தை நடத்துவது சீனக் கம்பெனி. இலங்கையின் தென்கோடியிலுள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-ல் 99 வருஷக் குத்தகைக்கு சீனாவின் கைக்குப் போனது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தபோது, சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போனார்கள். வாடகை எகிறியது. ஏற்றுமதியாளர்கள் தலையில் கை வைத்தார்கள். கட்டணம் ஏன் இவ்வளவு என்று யாரிடம் போய்க் கேட்பது? தூத்துக்குடி வியாபாரிகளிடம் 1906-ல் இருந்த அதே கேள்விதான்.

மறுபடியும் கோவை

1912 டிசம்பர் 24-ல் கண்ணூரிலிருந்து விடுதலை. வெளியே மாலையோடு பெருங்கூட்டம் ஏதும் காத்திருக்கவில்லை. வக்கீல் சன்னதும் போயிருந்தது. சென்னையில் மளிகைக் கடை, மண்ணெண்ணெய் வியாபாரம் என்று எதையெதையோ பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டி காந்தியிடம் கொடுத்த 347 ரூபாய் சொச்சத்துக்காக, மாசக்கணக்கில் கடிதம் எழுதிக் காத்திருந்த குடும்பம் அது. லட்சங்களில் கம்பெனி நடத்தியவர்!

1920 வாக்கில் அவர் மறுபடியும் கோவைக்கே வந்தார். இந்த முறை சிறைக்கு இல்லை, வங்கி மேலாளர் வேலைக்கு. செக்கிழுத்த ஊரிலேயே பிழைப்பு தேடி வந்து குடியிருப்பதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! இந்தக் கோவை வாசத்தை நாம ஏனோ பேசுவதே இல்லை. வருமானம் போதவில்லை. சன்னதைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டார். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி கொடுத்தார். அந்த நன்றிக்காகத் தன் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனோடு மல்லுக்கட்டியவருக்கு, வெள்ளைக்காரர் ஒருவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதில் கூச்சமே இல்லை. அவர் சண்டை யாரோடு, எதற்கு என்று அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருக்கிறது.

காந்தியின் ஒத்துழையாமை அவருக்கு ஒப்பவில்லை, காங்கிரஸிலிருந்து விலகினார். நம்ம ஈரோட்டுப் பெரியாரோடு நல்ல நெருக்கம் இருந்தது. 1927-ல் சேலம் ஜில்லா அரசியல் மாநாட்டுக்கு வந்து தலைமை வகித்தார். 1924 முதல் கோவில்பட்டியில் வக்கீல் தொழில், 1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார். அங்கே துறைமுகத்தில் பி.ஐ கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருந்தன.

1936 நவம்பர் 18-ல், தன் விருப்பப்படியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் விட்டார். சாவதற்குமுன் எழுதிய உயிலில், எந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருந்தார். அதில் எண்ணெய்க் கடைப் பாக்கியும் இருந்தது.