இரமண முனிவர்

கண் உலகத்துப் பொருள்களையெல்லாம் காண்கின்றது, தன்னைக் காண்பதில்லை. செவி ஓசையை உணரும். நா சுவையை உணரும். ஐம்பொறிகளும் புறத்தே செல்லும் இயல்பின. அவற்றின் வழியே அறிகின்றவன் யாவன் என்பதை அவற்றுள் ஒன்றேனும் அறிவிப்பதில்லை. அவ்வறிபவனையே நாடிக் கண்டவர் இரமண முனிவர்.

பாண்டி நாட்டுத் திருச்சுழியில், 1879ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சுந்தரமையர், தாயார் அழகம்மையார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன் என்பது. 1892இல் தந்தையார் மறைந்தார். பின்னர் மதுரையில் சிற்றப்பர் இல்லத்தில் தங்கி, அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். கூர்த்த நினைவாற்றல் உடையவராயினும், பாடத்தினும் விளையாட்டிலேயே அவர்க்கு விருப்பம் மிகுதி. பெரியபுராணம் ஒன்றே அவர் உள்ளத்தை உருக்கியது.

1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒருநாள், நோய் ஏதுமின்றி நலமாயிருந்த அவரை இறப்பச்சம் திடீரெனப் பற்றியது. அப்போது அவர்க்கு வயது 16. அவர் மருத்துவரை நாடவில்லை, எவரையும் அழைக்கவுமில்லை. இறப்பாவது யாது என்று ஆராயத் துணிந்து, பிணம்போல் கைகால்களை நீட்டிக் கிடந்தார், மூச்சை அடக்கினார், இதழ்களை இறுக மூடினார். இவ்வுடல் சுடலையிற் சாம்பலானால் யானும் அழிவேனோ என்று உள்ளத்துள் வினவினார். உடல் அசைவற்றுக் கிடக்கவும், அதனை அறிந்துகொண்டிருக்கும் உணர்வு மட்டும் தெளிவாய் விளங்குவதைக் கண்டார். அச்சம் அகன்றது, அது மீண்டும் வரவேயில்லை.

அதன்பின் ஊணிலும் உடையிலும் கல்வியிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆகஸ்டு 29ஆம் நாள், தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்குரிய ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டையும் ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டு வீட்டை நீங்கினார். அக்கடிதம் கருதத்தக்கது. தொடக்கத்தில் தம்மைத் தன்மை இடத்தாற் குறித்தவர், அடுத்து அஃறிணைப் பொருள்போற் குறித்தார். முடிவில் கையொப்பமும் இடவில்லை.

செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். கோயிலின் பாதாளலிங்க அறையில் புழுபூச்சிகள் தொடையை அரிப்பதும் உணராது அமர்ந்திருந்தார். 1898இல் அன்னையார் தேடி வந்து, இல்லம் திரும்புமாறு நாள்தோறும் அழுது வேண்டினார். பேசா நிலையிலிருந்த மகனார், நிகழ்வன ஊழின்படியே நிகழும் என்னும் கருத்தைத் தாளில் எழுதிக் காட்டினார். தாய் கண்ணீருடன் திரும்பினார். உண்மையை நாடுவோர் செலுத்தவேண்டிய விலை சிறிதன்று. அதனை அவரைச் சார்ந்தோரும் செலுத்த நேர்கின்றது.

1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பார் வந்து வினவ, முனிவர் விடைகளை எழுதிக் காட்டினார். அவையே பின்னர் ‘நான் யார்?’ என்னும் நூலாயின. 1907இல் கணபதி முனிவர் அவரை இரமண மகரிஷி என அழைத்தார், அப்பெயரே நிலைத்தது. அன்று அழுது சென்ற அன்னையார் 1916இல் மகனாரிடமே வந்து தங்கினார். 1922இல் அவர் உயிர் நீங்குமளவும் முனிவர் அருகிருந்து, அவர் மார்பிலும் தலையிலும் கை வைத்துத் தாங்கினார். அன்னையார் சமாதியைச் சூழ்ந்தே இரமணாசிரமம் எழுந்தது.

அங்கே முனிவர் அடியார்களோடு அமர்ந்து காய்கறி நறுக்கினார். அனைவர்க்கும் இட்ட உணவையே தாமும் உண்டார். நாய், பசு, குரங்கு ஆகியவற்றை அவர் அஃறிணையாகச் சுட்டியதேயில்லை. அவன், அவள் என்றே சுட்டுவார். இளமையில் தம் உடலை அஃறிணையாக்கி எழுதியவர், விலங்குகளை உயர்திணையாக்கிப் பேசினார். புறக்கண் வேற்றுமை கண்ட இடத்தில் அவர் அகக்கண் ஒருமையைக் கண்டது.

இறுதிக் காலத்தில் இடக்கையில் கொடிய புற்றுநோய் தோன்றியது. நான்கு முறை அறுவை செய்தும் அது தீரவில்லை. வருந்திய அடியார்களை அவரே தேற்றினார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அவர் உடல் நீங்கியது. நோவு இல்லாமையன்று அவர் பெற்ற பேறு. நோவுறும் உடலே தாம் அன்று என்னும் தெளிவே அவர் பெற்ற பேறாகும். பதினாறு வயதில் தனியறையில் அவர் எழுப்பிய வினா, கற்றார்க்கும் கல்லார்க்கும் பொதுவானது. அதனை ஒருவர் பொருட்டு மற்றொருவர் வினவுதல் இயலாது.