13 பேரையும் உயிரோடு கொண்டுவந்தவர்

1888-ம் ஆண்டு. நார்வே நாட்டில் 26 வயது இளைஞர் ஒருவர் ஒரு திட்டம் போட்டார். கேட்டவர்கள் சிரித்தார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன.

கிரீன்லாந்து உலகத்திலேயே பெரிய தீவு. அதன் நடுப்பகுதி முழுவதும் பனிக்கட்டி. அதைக் குறுக்கே கடந்தவர் அதுவரை ஒருவரும் இல்லை.

முயன்றவர்கள் மேற்குக் கரையில் இருந்து புறப்பட்டார்கள். அங்கே ஊர்கள் உண்டு. குளிர் தாங்க முடியவில்லை என்றால் ஊருக்குத் திரும்பிவிடலாம். அப்படியே திரும்பியும் வந்தார்கள்!

கிழக்குக் கரையில் இருந்து புறப்பட வேண்டும் என்பது இந்த இளைஞரின் திட்டம். அங்கே ஒதுங்குவதற்கு ஊர் கிடையாது. கப்பல் இறக்கிவிட்டுப் போய்விடும். பின்னால் சாவு. முன்னால் போனால்தான் சோறு!

அந்த இளைஞரின் பெயர் பிரிட்ஜாப் நான்சன்.

அடுப்பும் வண்டியும்

நான்சன் 1861-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி பிறந்தார். தந்தை வக்கீல். ஊர், இப்போது ஆஸ்லோ என்று அழைக்கப்படும் தலைநகருக்குப் பக்கத்தில். சின்ன வயதிலேயே பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு மலைச் சரிவுகளில் பறப்பார். பிறகு விலங்கியல் படித்தார். நரம்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்துக்கான பரீட்சை நடந்தது, கிரீன்லாந்துக்குப் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்புதான்!

நார்வே சர்க்கார் பணம் தர மறுத்துவிட்டது. டென்மார்க் நாட்டு வியாபாரி ஒருவர் கொடுத்தார்.

நான்சன் துணிச்சல்காரர். ஆனால் கணக்குப் பார்க்காத துணிச்சல் அவரிடம் கிடையாது. எடை குறைந்த சறுக்கு வண்டிகளைச் செய்தார். புதுமாதிரி அடுப்பு ஒன்றும் செய்தார். உள் பாத்திரத்தில் சமையல் ஆகும்; வீணாகும் சூட்டில், சுற்றி உள்ள பாத்திரத்தில் பனி உருகித் தண்ணீர் ஆகும். ஒரே நெருப்பில் இரண்டு வேலை! பனிப் பாலைவனத்தில் எரிபொருள்தான் உயிர் என்பது அவருக்குத் தெரியும்.

மொத்தம் 6 பேர். ஜூலை 17-ந் தேதி கப்பலை விட்டு இரண்டு படகுகளில் இறங்கினார்கள். மிதக்கும் பனிக்கட்டிகள் அவர்களைத் தெற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டன. கரை சேரவே 12 நாட்கள் ஆயின. சேர்ந்த இடமோ வெகு தூரம் தள்ளி. மறுபடியும் வடக்கே துடுப்புப் போட்டார்கள். ஆகஸ்டு 15-ந் தேதிதான் பனி மலையில் ஏற முடிந்தது.

இரவில் குளிர், உறைநிலைக்குக் கீழே 45 டிகிரி வரை போயிற்று. வண்டிகளை ஆட்களே இழுத்தார்கள். தலைவரும் மற்றவர்களைப் போலவே தோளில் கயிறு மாட்டினார். காற்று பின்னால் இருந்து வீசினால், வண்டிக்குப் பாய் கட்டிப் படகு போல ஓட்டினார்கள்.

ஒரு தவறும் நடந்தது. கொண்டுபோன உலர்ந்த இறைச்சியில் கொழுப்பு இல்லை. எல்லோரும் கொழுப்புக்கு ஏங்கிப் போனார்கள். பூட்சுக்குப் பூசும் எண்ணெயைச் சாப்பிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் பசி! அடுத்த பயணத்தில் நான்சன் உணவு விஷயத்தில் காட்டிய கண்டிப்புக்கு இந்தப் பசியே காரணமாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 3-ந் தேதி நான்சன் மேற்குக் கரை ஊரை அடைந்தார். சில நாட்களில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். 6 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

நசுங்காத கப்பல்

வட துருவத்துக் கடலில் கப்பல்கள் பனிக்கட்டியில் சிக்கி நொறுங்குவது வழக்கம். 1881-ம் ஆண்டு ஜேனட் என்ற அமெரிக்கக் கப்பல், சைபீரியாவுக்கு வடக்கே அப்படித்தான் மூழ்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து அதன் சாமான்கள் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கின!

அப்படியானால் பனிக்கட்டி நகர்கிறது. நசுங்காத கப்பல் ஒன்று இருந்தால், அதையும் பனிக்கட்டியே தூக்கிக்கொண்டு போய், துருவத்துக்குப் பக்கமாகக் கொண்டுவிடும். இதுதான் நான்சன் போட்ட கணக்கு.

துருவப் பயணத்தில் பழுத்த பெரியவர்கள் பலர், இது நடக்காது என்றார்கள். இந்த முறை நார்வே பார்லிமெண்டு பணம் கொடுத்தது. காலின் ஆர்ச்சர் என்ற நிபுணர் கப்பலைக் கட்டினார். அடிப்பாகம் தேங்காய் மூடியைப் போல உருண்டையாக இருந்தது. பனிக்கட்டி நெருக்கினால் கப்பல் நசுங்காது; வழுக்கி மேலே எழும்பும். அதற்குப் பிராம் என்று பெயர். முன்னே என்பது அதன் பொருள்.

1893-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி 13 பேருடன் பிராம் புறப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு உணவு இருந்தது. கப்பலில் காற்றாலை வைத்து மின்சார விளக்குக்கூட எரித்தார்கள்!

செப்டம்பரில் பனிக்கட்டி கப்பலைப் பிடித்துக்கொண்டது. நெருக்கியது. கப்பல் மேலே எழும்பியது. கணக்குப் பலித்துவிட்டது!

ஆனால் கப்பல் ஆமையைப் போல நகர்ந்தது. ஒரு நாள் முன்னே; மறுநாள் பின்னே. மாதக்கணக்கில் இருட்டு. நான்சன் எப்போதும் இனிமையாகப் பழகியவர் என்று சொல்ல முடியாது. எண்ணத்தில் மூழ்கிவிடுவார். பொறுமை இழப்பார். சும்மா இருப்பதுதான் அவருக்குப் பெரிய தண்டனை.

கடைசியில், பிராம் துருவத்தைத் தொடாது என்பது தெளிவாகிவிட்டது. கப்பலை ஸ்வெர்ட்ரூப் என்ற மாலுமியிடம் ஒப்படைத்தார். கிரீன்லாந்தில் கூட வந்தவர் அவர். 1895-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி, யோகான்சன் என்ற ஒரே ஒரு தோழருடன் நான்சன் பனிமேல் நடந்தார். 28 நாய்கள், 3 சறுக்கு வண்டிகள், 2 படகுகள். நகர்ந்துகொண்டே இருக்கும் கப்பலை மறுபடி கண்டுபிடிக்க முடியாது. இங்கேயும் பின்வாங்க வழி இல்லை.

திரும்பிய நாள்

ஏப்ரல் 8-ந் தேதி அவர்கள் நின்ற இடம், அதுவரை எந்த மனிதனும் போகாத வடக்கு. துருவத்துக்கு இன்னும் சுமார் 400 கிலோமீட்டர். முன்னே பார்த்தால் பனிக்கட்டி மேடுகள், கண்ணுக்கு எட்டிய வரை. காலடியில் பனியோ தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நடந்த தூரத்தில் ஒரு பங்கை அது பிடுங்கிக்கொண்டது.

நான்சன் உணவைக் கணக்குப் பார்த்தார். திரும்பினார்.

புகழுக்காக இன்னும் சில நாட்கள் நடந்திருக்கலாம். அப்படி நடந்து மடிந்தவர்கள் துருவ வரலாற்றில் பலர். கிரீன்லாந்தில் காட்டிய துணிச்சலைவிட, அன்று திரும்பியதே பெரிய காரியம்.

திரும்பும் வழியும் எளிதாக இல்லை. இருவரும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்து, இரண்டு கடிகாரங்களும் நின்றுவிட்டன. தாங்கள் இருக்கும் இடமே சரியாகத் தெரியவில்லை. நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்குப் போட்டார்கள். குளிர்காலம் வந்துவிட்டது. ஆள் இல்லாத ஒரு தீவில் கல்லை அடுக்கி, வால்ரஸ் தோலைக் கூரையாகப் போட்டு, கரடி இறைச்சியைத் தின்று, பல மாதங்கள் கிடந்தார்கள்.

ஒரே பைக்குள் படுத்துத் தூங்கினார்கள். ஆனாலும் ஒருவரை ஒருவர் 'நீங்கள்' என்றே அழைத்து வந்தார்கள்! அந்த ஆண்டின் கடைசி இரவில்தான், இனி 'நீ' என்றே அழைத்துக்கொள்ளலாம் என்று நான்சன் சொன்னார். தலைவர், தோழர் என்ற இடைவெளி விலக அத்தனை காலம் ஆயிற்று.

1896-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி, பனித் தீவில் ஜாக்சன் என்ற ஆங்கிலேயரைத் தற்செயலாகச் சந்தித்தார்கள். அவருடைய கப்பலில் ஆகஸ்டு 13-ந் தேதி நார்வே வந்து சேர்ந்தார்கள். அதே நாளில்தான் பிராம் பனியில் இருந்து விடுபட்டது! ஒரு வாரத்தில் ஸ்வெர்ட்ரூப் கப்பலைப் பத்திரமாகக் கொண்டுவந்தார்.

போனவர்கள் 13 பேர். வந்தவர்களும் 13 பேர்.

வீடும் நாடும்

1905-ம் ஆண்டு நார்வே, சுவீடனில் இருந்து பிரிந்தது. டென்மார்க் இளவரசரை நார்வேக்கு அரசராக வரச் சம்மதிக்க வைத்தவர்களில் நான்சன் முக்கியமானவர். அடுத்த ஆண்டு லண்டனில் நார்வேயின் தூதர் ஆனார். விருந்துகளும் சடங்குகளும் அவருக்குப் பிடிக்கவில்லை.

1907-ம் ஆண்டு டிசம்பரில் மனைவி ஈவாவுக்குக் கடும் காய்ச்சல் என்று செய்தி வந்தது. நான்சன் ஓடினார். வீடு போய்ச் சேரும் முன்பே ஈவா இறந்துவிட்டார். ஐந்து பிள்ளைகள் தாய் இல்லாமல் நின்றார்கள்.

தென் துருவத்துக்குப் போக வேண்டும் என்பது நான்சனின் நெடுநாள் ஆசை. அந்தச் சமயத்தில் அமுண்ட்சன் என்ற இளையவர் பிராம் கப்பலைக் கேட்டார். நான்சன் தம் ஆசையை விட்டுக் கொடுத்தார். அமுண்ட்சன் வடக்கே போவதாகச் சொல்லிவிட்டுத் தெற்கே போனார்! 1911-ம் ஆண்டு தென் துருவத்தை முதலில் தொட்டார். நான்சனுக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனால் ஊரறிய அவர் அமுண்ட்சன் பக்கமே நின்றார்.

கட்டளையிட முடியாத தலைவர்

முதல் உலகப் போர் 1918-ல் முடிந்தது. ஆனால் லட்சக்கணக்கான போர்க் கைதிகள் சைபீரியாவிலும் மற்ற இடங்களிலும் கிடந்தார்கள். இன்றைய ஐ.நா. சபைக்கு முன் இருந்த சர்வதேச சங்கம், 1920-ம் ஆண்டு அவர்களை வீடு சேர்க்கும் வேலையை நான்சனிடம் கொடுத்தது.

வேலையைத்தான் கொடுத்தது. பணம் கொடுக்கவில்லை! ரஷிய சர்க்காரோ சர்வதேச சங்கத்தையே ஏற்கவில்லை. ஆனால் நான்சன் என்ற மனிதரோடு பேச ஒப்புக்கொண்டது. அவர் நாடு நாடாகப் போய்க் கடன் கேட்டார். கப்பல் கேட்டார். ரயில் கேட்டார். 1922-க்குள் 4 லட்சத்து 27 ஆயிரத்துக்கும் அதிகமான கைதிகள் வீடு திரும்பினார்கள். பனியில் 12 பேர் அவர் சொன்னதைக் கேட்டார்கள். இங்கே யாரும் அவர் சொன்னதைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படியும் முடித்தார்.

1921-ம் ஆண்டு ரஷியாவில் கொடிய பஞ்சம். நான்சன் சர்வதேச சங்கத்தில் மன்றாடினார். ஒரு பக்கம் தானியம் குவிந்து கிடக்க, மறு பக்கம் மக்கள் சாவதைச் சொன்னார். ஐம்பது லட்சம் பவுன் கடன் கேட்டார். அப்போது ஒரு போர்க்கப்பலுக்கு ஆகும் செலவில் அது பாதிதான். சர்க்கார்கள் மறுத்துவிட்டன. கொடுத்தால் ரஷியாவின் பொதுவுடைமை ஆட்சி பலப்படும் என்று பயந்தன.

நான்சன் பஞ்சப் பகுதிக்கே போனார். பிணங்களையும் எலும்பாகிப்போன குழந்தைகளையும் படம் பிடித்தார். ஊர் ஊராகப் படம் காட்டிப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார். அமெரிக்க நிவாரணக் குழு அதைவிடப் பல மடங்கு பேருக்குச் சோறு போட்டது. அப்படியும் சுமார் 50 லட்சம் பேர் இறந்தார்கள். நான்சன் ரஷியத் தலைவர்களை எளிதில் நம்பிவிட்டார் என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் அவர்களை விலக்கிவிட்டுப் பசித்தவனிடம் போக வழி ஏது?

ஒரு துண்டுக் காகிதம்

புரட்சிக்குப் பயந்து ரஷியாவை விட்டு ஓடியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ரஷியா அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. நாடு இல்லை. எனவே பாஸ்போர்ட் இல்லை. எல்லையைத் தாண்ட முடியாது. வேலை தேட முடியாது.

1922-ம் ஆண்டு நான்சன் அவர்களுக்காக ஓர் அடையாளச் சான்றிதழை ஏற்பாடு செய்தார். நான்சன் பாஸ்போர்ட் என்று அதற்குப் பெயர் வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. அதில் ஒட்டும் தலையில் நான்சனின் படம் இருந்தது. பெரிய இசைக் கலைஞர்கள் ஸ்ட்ராவின்ஸ்கி, ரக்மானினாப் ஆகியோரும் அதை வைத்திருந்தார்கள்.

அதே ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தை நிவாரண வேலைக்கே செலவிட்டார்.

அடுத்த காரியம் இன்றுவரை சர்ச்சைக்கு உரியது. கிரேக்க நாடும் துருக்கியும் போரிட்டபின், இரு நாட்டுச் சிறுபான்மையினரையும் இடம் மாற்றிவிடும் யோசனையை நான்சன் ஆதரித்தார். 1923-ம் ஆண்டு ஒப்பந்தம் ஆயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்களும், லட்சக்கணக்கான முஸ்லிம்களும், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை இழந்தார்கள். படுகொலை நிற்கும் என்று அவர் எண்ணினார். ஊரை விட்டுப் போனவர்களின் கண்ணீருக்கு அது ஆறுதலாக இருந்திராது.

ஆர்மீனிய அகதிகளுக்கு நிலம் திருத்திக் கொடுக்க 1925-ம் ஆண்டு முதல் பாடுபட்டார். அதற்கும் நாடுகள் பணம் தரவில்லை. சாகும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

1930-ம் ஆண்டு மே 13-ந் தேதி நான்சன் தம் வீட்டில் காலமானார். வயது 68. நார்வேயின் தேசிய நாளான மே 17-ல் இறுதிச் சடங்கு நடந்தது.

அவர் பெயரால் சர்வதேச சங்கம் அமைத்த அகதிகள் நிலையத்துக்கு 1938-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. பிராம் கப்பல் ஆஸ்லோ நகரில் ஒரு காட்சிசாலைக்குள் முழுசாக நிற்கிறது. அதன்மேல் ஏறி, அந்த 13 பேரும் படுத்த சின்னஞ்சிறு அறைகளைப் பார்க்கலாம்.